காசில்லாத ஸ்கட்-என்லே: கணக்கு சரி, கையேடுதான் மோசம்

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே கொஞ்சம் நீளமாகத்தான் போகும். படைபடையாகப் பூச்சு ஏறிய ஓர் உருண்டைத் துணிக்கை எவ்வளவு ஒளியை உறிஞ்சும், எவ்வளவைச் சிதறடிக்கும் என்று கணக்குப் பார்க்க வேண்டியவர்களுக்கு ஸ்கட்-என்லே (Scattnlay) என்ற மென்பொருள் நல்ல சாமான். காசு இல்லை, பழைய லப்டொப்பிலும் ஓடும், ஒருக்கா இறக்கி நிறுவிவிட்டால் பிறகு இணைய இணைப்புத் தேவையில்லை, விடையையும் நம்பலாம். ஆனால் கையேடு என்று அவர்கள் வைத்திருப்பது போதவே போதாது. பௌதிகத்தை யோசிக்காமல் எண்களை மட்டும் போட்டு விடை எடுக்கப் பார்த்தால் அது உங்களை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடும், ஒரு எச்சரிக்கையும் காட்டாது.

வன்னியில் இருந்துகொண்டு இந்தக் கணக்கு யாருக்குத் தேவை என்று ஒரு நண்பர் கேட்டார். காலபோக அறுவடை முடிந்த கையோடு, மாசி பங்குனியில், பரந்தன் பக்கத்து வயல்களில் வைக்கோலுக்கு நெருப்பு வைக்கிற நேரம் ஒரு பின்னேரம் ஏ9 வீதியால் வந்து பாருங்கள், அந்தக் கேள்வி திரும்ப வராது. வீட்டுக்குள்ளே விறகும் தென்னமட்டையும் பனம்மட்டையும் எரிகிற அடுப்பு வேறு. இது எங்கள் சொந்தப் புகை. வெளியிலிருந்து வருகிற புகையும் உண்டு: 2022 டிசம்பரில், மண்டோஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்ற நாட்களில், வடக்கு முழுவதும் வெயில் மங்கிப்போய்க் காற்றின் தரம் கெட்டு, 9 ஆம் திகதி பாடசாலைகளை மூடவேண்டி வந்ததே, அது பெரும்பாலும் கடல் தாண்டி வந்த அழுக்கு.

இந்த இரண்டு புகைக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் இந்த மென்பொருளுக்கு வேலை வைக்கிறது. உழவு இயந்திரத்தின் புகைக்குழாயால் இப்போதுதான் வெளியே வந்த கரித்துணிக்கை கிட்டத்தட்ட வெறும் கரி. அதுவே காற்றில் ஒன்றிரண்டு நாள் அலைந்துவிட்டால் அதன்மேல் கரிமப் பசை, சல்பேற்று, ஈரம் என்று ஒவ்வொன்றாகப் படியத் தொடங்கும். அந்தப் பூச்சுகள் தங்கள் பாட்டுக்கு ஒளியை உறிஞ்சாவிட்டாலும், வில்லை மாதிரி வேலை செய்து உள்ளே இருக்கிற கரிக்கு இன்னும் கொஞ்சம் ஒளியைக் கூட்டிக்கொண்டுபோய்க் கொடுக்கும். கரி அதே கரிதான், எடையும் அதேதான், உறிஞ்சுகிற ஒளி மட்டும் கூடிவிடும். வானம் எவ்வளவு மங்கும், நிலத்துக்கு எவ்வளவு வெயில் வந்து சேரும் என்று எதைக் கேட்டாலும் இந்தக் கணக்கைத் தொடாமல் போக முடியாது.

அடிப்படைக் கணக்கு பழையது. குஸ்டாவ் மீ என்ற ஜெர்மன்காரர் 1908 இல், தங்கத் துகள்கள் கலந்த கரைசல்களின் நிறத்தை விளக்கப்போய், ஒரே பொருளாலான உருண்டைக்கு முழு விடையையும் எழுதிவைத்தார். அவருக்கு முன்னமே 1890 இல் டென்மார்க்கின் லுட்விக் லோரன்ஸ் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்துவிட்டார், பெயர் மட்டும் பெரும்பாலும் மீக்குப் போய்விட்டது. உள்ளே ஒரு பொருள், வெளியே இன்னொரு பொருள் என்ற பூசிய உருண்டைக்கான விடையை ஏடனும் கேர்க்கரும் 1951 இல் கொடுத்தார்கள். ஆகவே கோட்பாட்டில் புதினம் ஒன்றும் இல்லை. இழுபறி எல்லாம் அதைக் கணினியில் பிழையில்லாமல் எண்ணாக்குவதில்தான்.

சின்னத் துணிக்கைகளின் ஒளிச்சிதறல் பற்றிப் போரனும் ஹஃப்மனும் 1983 இல் எழுதிய புத்தகத்தின் பின்னிணைப்பில் பிஎச்கோட் என்று ஒரு போர்ட்ரான் நிரல் இருக்கிறது. கனபேர் இன்றைக்கும் அதைத்தான் பைதனுக்கும் மற்றதுக்கும் மாற்றி மாற்றிப் பாவிக்கிறார்கள். இரண்டு படைக்கு மட்டும்தான் அது. அந்த நிரலின் தலைப்பிலேயே ஒரு குறிப்பு: பெரிய, கடுமையாக உறிஞ்சுகிற பூச்சு உருண்டைகளுக்கு இதைப் பாவிக்க வேண்டாம், அளவுப் பரமானத்தை (அலைநீளத்தோடு பார்க்கத் துணிக்கை எவ்வளவு பெரிது என்ற எண், விளக்கம் கீழே வரும்) முறிவுச்சுட்டியின் கற்பனைப் பகுதியால் (பொருள் எவ்வளவு உறிஞ்சும் என்று சொல்கிற பகுதி) பெருக்கினால் 30 அளவுக்குள் நிற்க வேண்டும். அதை எழுதினவர்கள் நேர்மையாகச் சொல்லித்தான் இருக்கிறார்கள், பிரதி எடுத்தவர்களில் பலர் அந்தக் குறிப்பை வெட்டிவிட்டார்கள். காரணம் இதுதான்: உறிஞ்சுகிற பொருளுக்குள், இந்தக் கணக்கில் வருகிற பெசல் சார்புகள் என்ற கணிதச் சார்புகளின் பெறுமானம் அடுக்கேற்றமாக ஊதும், ஒரு ராட்சத எண்ணிலிருந்து இன்னொரு ராட்சத எண்ணைக் கழித்துச் சின்ன எண் ஒன்றை எடுக்கப்போனால், கணினி வைத்திருக்கிற 16 இலக்கத்தில் பாதிக்கு மேல் அந்தக் கழித்தலிலேயே போய்விடும். பிறகு வருகிறது வெறும் குப்பை, ஆனால் பார்க்க எண் மாதிரியே இருக்கும்.

இதைச் சரிக்கட்ட ரூனும் அக்கர்மனும் 1981 இலேயே ஒரு வழி சொன்னார்கள், அதுவும் இரண்டு படைக்குத்தான். எத்தனை படை என்றாலும் தாங்குகிற மாதிரி, ஊதுகிற சார்புகளை நேராகத் தொடாமல் அவற்றின் விகிதங்களையும் மடக்கைப் பெறுதிகளையும் வைத்துக் கணக்கை ஓட்டும் வழியை யாங் 2003 இல் வெளியிட்டார். பெஞ்ஞாவும் பாலும் 2009 இல் கம்பியூட்டர் பிசிக்ஸ் கொம்யூனிகேசன்ஸ் இதழில் கொண்டுவந்த நிரல் அந்த வழியில்தான் போகிறது. அதுதான் ஸ்கட்-என்லே. பிறகு லாடுதென்கோவும் சேர்ந்து 2017 இல் துணிக்கையின் உள்ளேயும் அருகிலும் உள்ள மின்காந்தப் புலத்தையும் கணிக்கிற மாதிரி விரித்தார்கள். இப்போது சீ பிளஸ் பிளஸில் எழுதி, பைதனில் இருந்து கூப்பிடக்கூடியதாக, கிட்ஹப் தளத்தில் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு என்ற திறந்த உரிமத்தில் கிடக்கிறது.

சரி, நிறுவுகிற கதை. உபுண்டு வைத்திருந்தால் பெரிய சோலி இல்லை, சீ பிளஸ் பிளஸ் தொகுப்பியும் பைதனும் இருந்தால் பைதனின் பிப் என்ற நிறுவி மூலம் கட்டிவிடலாம். விண்டோசில் மூலக்குறியீட்டிலிருந்து கட்ட வேண்டி வந்தால், அதற்கென்று மைக்ரோசொஃப்டின் தொகுப்பிக் கருவிகளை இறக்க வேண்டும். அது பல ஜிகாபைட், போனில் போடுகிற டேட்டாவில் லப்டொப்பை இணைத்து இறக்குகிறவர்களுக்கு அந்த மாதக் கணக்கு அன்றைக்கே முடிந்துவிடும். என்னுடைய ஆலோசனை, யாருடைய வீட்டிலாவது, கம்பஸிலாவது ஒழுங்கான இணைப்பு இருக்கிற இடத்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாக இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். நிரல் தன்னளவில் மிகச் சின்னது, பாரம் எல்லாம் சுற்றியிருக்கிற பரிவாரம்தான். ஓடத் தொடங்கினால் வேகம் சும்மா சொல்லக்கூடாது. மிகப் பழைய இயந்திரத்திலும் கண்ணுக்குத் தெரிகிற அலைநீளங்கள் முழுவதுக்கும் ஒரு துணிக்கையின் விடையை இமைக்கிற நேரத்தில் தருகிறது, அலைநீள வரிசை முழுவதையும் ஒரே அணியாகக் கொடுத்து ஒரே கூப்பிடலில் எடுக்கலாம். கரண்ட் போய் பற்றரியில் ஓடுகிறபோது இதன் அருமை விளங்கும்.

நிறுவவே விருப்பமில்லை என்றால் உலாவியிலேயே ஓடுகிற இணையப் பதிப்பு ஒன்றும் உண்டு. படைகளின் தடிப்பையும் முறிவுச்சுட்டியையும் பெட்டிகளில் போட்டால் வரைபு கீறித் தரும். முதலில் விளையாடிப் பார்க்க, வகுப்பில் காட்ட, அது போதும். நிறையக் கணக்குகளை அடுக்காக ஓட்ட வேண்டியவர்களுக்குப் பைதன்தான் வழி.

இனி எண்களைக் கொடுக்கிற இடம். இங்கேதான் கையேட்டின் மேல் எனக்குக் கோபம். முக்கியமாகக் கொடுக்க வேண்டியது இரண்டே அணிகள்: ஒவ்வொரு படையின் அளவுப் பரமானம், ஒவ்வொரு படையின் முறிவுச்சுட்டி. அளவுப் பரமானம் என்பது ஆரையை இரண்டு பையால் பெருக்கி அலைநீளத்தால் வகுத்தது, அலகு இல்லாத எண். இரண்டு அணிகளை நிரப்புவதில் என்ன பிழை வரும் என்று கேட்கலாம். வரும், அதுவும் ஆளுக்கொரு விதத்தில் வரும்.

முதலாவது, ஆரை என்பது நடுவிலிருந்து அந்தப் படையின் வெளி ஓரம்வரை. படையின் தடிப்பு இல்லை. பனங்காயை நினைத்துக்கொள்ளுங்கள்: கொட்டை, அதைச் சுற்றிக் களி, வெளியே தோல் என்று மூன்று படை வைத்தால், மூன்றாவது எண் முழுப் பனங்காயின் ஆரையாக இருக்க வேண்டும், தோலின் தடிப்பாக இல்லை. தடிப்பைப் போட்டால் வெளிப்படை உள்படையை விடச் சின்னதாகிவிடும், அப்படி ஒரு பொருள் உலகத்திலேயே இல்லை.

இரண்டாவது, முறிவுச்சுட்டியின் கற்பனைப் பகுதியின் குறி. உறிஞ்சுகிற பொருளுக்கு இங்கே அது நேர். போரனும் ஹஃப்மனும் அப்படித்தான் வைத்தார்கள். ஆனால் 1957 இல் வந்த வான் டி ஹல்ஸ்ட்டின் புத்தகமும் அதைப் பின்பற்றுகிற சில நிரல்களும் அதே உறிஞ்சலுக்கு மறைக் குறியைத்தான் போடுகின்றன. இரண்டும் சரி, நேரத்தோடு அலை போகிற விதத்தை எப்படி எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மறைக் குறி போட்ட ஒரு கட்டுரையிலிருந்து எண்ணைத் தூக்கி இங்கே அப்படியே போட்டால் கரி ஒளியை உறிஞ்சுவதற்குப் பதிலாக வெளியே விடத் தொடங்கிவிடும். இறுதியாண்டு ஆய்வு செய்கிற ஒரு தம்பி, "அண்ணை, உறிஞ்சல் மறை எண்ணில வருது, மென்பொருள் பழுது" என்று அனுப்பியிருந்தார். பழுதெல்லாம் இல்லை. மறை எண் வந்தது நல்லது, குறைந்தபட்சம் பிழை என்று கத்திச் சொல்கிறது. மற்றப் பிழைகள் கத்தாது.

மூன்றாவது அப்படிக் கத்தாத பிழை. வெளி ஊடகம் காற்றாக இல்லாமல் தண்ணீராக இருந்தால், ஒவ்வொரு படையின் முறிவுச்சுட்டியையும் 1.33 ஆல் வகுத்துக் கொடுக்க வேண்டும், அளவுப் பரமானத்தையும் அதே 1.33 ஆல் பெருக்க வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் விடை நம்பும்படியாகவே இருக்கும், பிழையாகவும் இருக்கும். இரணைமடுவிலோ முத்தையன்கட்டிலோ தண்ணீர்க் கலங்கல் பார்க்கிறவர்கள் இதில் கவனமாக இருங்கள்.

நான்காவதுதான் ஆட்களை அதிகம் குழப்புவது. மென்பொருள் தருவது உறிஞ்சல் வினைத்திறன், அதாவது உறிஞ்சல் குறுக்குவெட்டை (துணிக்கை உறிஞ்சுகிற ஒளியை ஒரு பரப்பளவாகச் சொல்வது) முழு உருண்டையின் வட்டமான நிழலின் பரப்பளவால், பை ஆர் வர்க்கத்தால், வகுத்தது. கரியின் மேல் பூச்சுப் பூசி விட்டத்தை இரட்டிப்பாக்கினால் அந்த வகுக்கிற பரப்பளவு நான்கு மடங்காகிவிடும். கரி உண்மையில் கூட உறிஞ்சுகிறது, ஆனால் திரையில் வருகிற எண் குறைந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு "பூச்சு உறிஞ்சலைக் குறைக்கிறது" என்று முடிவெழுதினால் கதை தலைகீழ். வினைத்திறனைப் பரப்பளவால் பெருக்கிக் குறுக்குவெட்டாக்கிய பிறகுதான் ஒப்பிட வேண்டும். இந்த ஒரு வரியை அவர்கள் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் எத்தனையோ பேருடைய நேரம் மிச்சமாகியிருக்கும்.

நம்பலாம் என்று மேலே சொன்னேன், எதை வைத்துச் சொன்னேன் என்றும் சொல்ல வேண்டும். ஒரு மென்பொருளைச் சோதிக்க விலை கூடிய கருவி வேண்டாம், விடை முன்னமே தெரிந்த கேள்விகளைக் கேட்டால் போதும். மூன்று படைக்கும் ஒரே முறிவுச்சுட்டியைக் கொடுங்கள், ஒரே உருண்டையின் விடை வர வேண்டும். அதற்குப் பழைய எண் ஒன்று போரன், ஹஃப்மன் புத்தகத்திலேயே இருக்கிறது: ஆரை 0.525 மைக்ரோமீற்றர், அலைநீளம் 0.6328 மைக்ரோமீற்றர், முறிவுச்சுட்டி 1.55, உறிஞ்சல் இல்லை. அளவுப் பரமானம் 5.213, சிதறல் வினைத்திறன் 3.10543. இரண்டு படையாக்கிக் கேட்டாலும் ஐந்து படையாக்கிக் கேட்டாலும் அதே எண் வர வேண்டும், வருகிறது. உறிஞ்சல் பூச்சியம் என்று கொடுத்த இடத்தில் உறிஞ்சல் பூச்சியமாகத்தான் நிற்கிறது, கடைசி இலக்கங்களின் ஆட்டம் தவிர. உருண்டையை மிகப் பெரிதாக்கிக்கொண்டு போனால் உறிஞ்சலும் சிதறலும் சேர்ந்த மொத்த இழப்பு 2 ஐ நோக்கிப் போக வேண்டும், போகிறது.

பூச்சு உருண்டைக்கும் அந்தப் புத்தகத்தில் ஒரு மாதிரிக் கணக்கு உண்டு, அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சரி வந்துவிட்டால் எல்லாம் சரி என்று கனபேர் நிம்மதியாகிவிடுகிறார்கள். கரு ஆரை 0.171, வெளி ஆரை 6.265, அலைநீளம் 3, எல்லாம் மைக்ரோமீற்றரில். பூச்சின் முறிவுச்சுட்டியில் கற்பனைப் பகுதி 0.1747. மொத்த இழப்பு 2.328, சிதறல் 1.143 என்று வரும். ஆனால் யோசித்துப் பாருங்கள், 6 மைக்ரோமீற்றர் தடிப்பான அந்தப் பூச்சு வழியாக நடுவுக்குப் போய்ச் சேருகிற ஒளி நூற்றுக்கு ஒரு பங்குதான் இருக்கும். அதாவது உள்ளே இருக்கிற கரு கரியாக இருந்தாலும் கல்லாக இருந்தாலும் விடையில் பெரிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. வெளிப்படைக் கணக்குச் சரியா என்று மட்டும்தான் அந்தச் சோதனை சொல்லும். கருவையும் சேர்த்துச் சோதிக்க வேண்டுமென்றால், பூச்சு உறிஞ்சாததாக, கருவின் அளவோடு ஒத்துப்போகிற தடிப்பில் இருக்க வேண்டும், அதை வேறொரு நிரலோடு ஒப்பிட வேண்டும். ரூன், அக்கர்மன் வழியில் எழுதிய பழைய நிரல் ஒன்றோடு ஒப்பிட்டேன், எனக்குத் தேவையான இலக்கம்வரை இரண்டும் ஒன்றாகவே நிற்கின்றன.

இனி உண்மையான வேலை. கரிக்கு எல்லோரும் எடுப்பது பொண்டும் பேர்க்ஸ்ட்ரொமும் 2006 இல் பரிந்துரைத்த முறிவுச்சுட்டி: 550 நனோமீற்றரில் மெய்ப் பகுதி 1.95, கற்பனைப் பகுதி 0.79. அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 1.8 கிராம் என்று வைத்து, மிகச் சின்ன உருண்டைக்குக் கையாலேயே கணக்குப் பார்த்தால் ஒரு கிராம் கரி ஏறத்தாழ 4.85 சதுர மீற்றர் அளவுக்கு ஒளியை உறிஞ்ச வேண்டும். ஸ்கட்-என்லே அதே எண்ணைத் தருகிறது. ஆனால் அதே இரண்டு பேரும் அளவீடுகளை எல்லாம் கூட்டிப் பார்த்து, புதிதாக வெளியேறிய கரிக்குச் சொன்ன எண் 7.5, கூடக்குறைய 1.2. மென்பொருள் கணக்கைப் பிழையாகப் போடவில்லை. அது கேட்ட கேள்விக்குச் சரியான விடையைத்தான் சொல்கிறது. உண்மையான கரி, உருண்டை இல்லை. சின்னச் சின்ன மணிகள் கொத்தாக, கிளைகிளையாக ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு பொருள். அதை ஓர் உருண்டை என்று நாங்கள் எழுதிக் கொடுத்தோம், அவ்வளவுதான்.

பூச்சு ஏறிய கரிக்கும் இதே இழுபறி. கரு, பூச்சு என்று வைத்து இந்தக் கணக்கைப் போட்டால் தடித்த பூச்சுக்கு உறிஞ்சல் ஒன்றரை மடங்கு, சில அளவுகளில் இரண்டு மடங்கை நெருங்கியும் வரும். அழகான வரைபு, ஆய்வறிக்கையில் வடிவாக இருக்கும். ஆனால் கப்பாவும் கூட்டாளிகளும் 2012 இல் சயன்ஸ் இதழில், கலிபோர்னியாவில் வெளிக்காற்றில் அளந்து பார்த்துச் சொன்னது 532 நனோமீற்றரில் வெறும் 6 வீத அதிகரிப்பு. வேறு இடங்களில் அளந்தவர்களுக்குக் கூடவும் வந்திருக்கிறது, இடத்துக்கு இடம், புகைக்குப் புகை மாறுகிறது. கரி நடுவில் குந்தியிருக்காமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த வில்லை வேலை ஒழுங்காக நடக்காது. ஸ்கட்-என்லேக்கு நடுவைத் தவிர வேறு இடம் தெரியாது, எல்லாப் படைக்கும் ஒரே மையம். ஆகவே நான் இதை எடுக்கிற விதம், பூச்சால் உறிஞ்சல் எத்தனை மடங்கு கூடும் என்பதற்கு இந்த மென்பொருள் தருவது ஒரு மேல் எல்லை மாதிரி. பரந்தனில் எரிகிற வைக்கோல் புகைக்கு உறிஞ்சல் இவ்வளவு என்று இதை வைத்து மட்டும் யாராவது எழுதினால் நான் நம்பமாட்டேன்.

அப்படியென்றால் இரண்டுக்கு மேற்பட்ட படை எதற்கு? இங்கே எங்கள் ஊர் நல்ல உதாரணம். வைக்கோல் புகையில் பொற்றாசியம் குளோரைட்டு நிறைய. அந்த உப்பு, ஈரப்பதன் 84 வீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். மாரி காலத்து விடியற்புறத்தில் ஈரப்பதன் அதைத் தாண்டுவது எங்களுக்குப் புதினமில்லை. எனவே நடுவில் கரி, அதைச் சுற்றி எரிந்தும் எரியாத கரிமப் பசை, வெளியே உப்புத் தண்ணீர் என்று மூன்று படை வைக்கலாம். விட்டங்கள் 150, 250, 400 நனோமீற்றர் என்று வைத்தால் 550 நனோமீற்றரில் கொடுக்க வேண்டிய அளவுப் பரமானங்கள் 0.857, 1.428, 2.285. பசைக்கு 1.5 அளவில் ஒரு மெய்ப் பகுதியும், நீல ஒளிப் பக்கம் போகப்போகக் கூடுகிற சின்னக் கற்பனைப் பகுதியும். வெளிப்படைக்குத் தண்ணீரின் 1.33 க்கும் உப்பின் 1.49 க்கும் இடைப்பட்ட எண், கரைசலின் செறிவைப் பொறுத்து. இதில் ஒருவர் உப்பு ஒரு படை, அதற்குமேல் சுத்தத் தண்ணீர் ஒரு படை என்று நான்கு படை வைத்துக் கொண்டுவந்தார். 84 வீதத்துக்கு மேலே உப்பு திண்மமாக நிற்காதே என்று கேட்டால், மென்பொருள் ஏற்றுக்கொண்டதே என்கிறார். மென்பொருள் எதையும் ஏற்றுக்கொள்ளும், அதுதான் அதன் குணம்.

படைகளை நிறையக் கூட்டி, உள்ளிருந்து வெளியே மெல்ல மெல்ல மாறுகிற முறிவுச்சுட்டியையும் பாவனை செய்யலாம், படைகள் எத்தனை என்றாலும் முகம் சுளிக்காது. விடை ஒரு முடிவிலித் தொடராகத்தான் வரும், அதில் எத்தனை உறுப்புகளைக் கூட்டி நிறுத்துவது என்பதையும் தானே பார்த்துக்கொள்கிறது. ஒரே உருண்டைக்கு விஸ்கோம் 1980 இல் சொன்ன விதிப்படி 10 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள சாம்பல் துணிக்கைக்கு 550 நனோமீற்றரில் எழுபத்தைந்து உறுப்பளவு வேண்டும். பல படைக்கு யாங்கின் விதி ஒவ்வொரு படையையும் பார்த்து, பெரியதை எடுத்து, மேலே 15 ஐக் கூட்டும். இதைக் கையால் மாற்றவும் இடம் வைத்திருக்கிறார்கள், காரணமில்லாமல் கை வைக்க வேண்டாம். மிகப் பெரிய, மிகக் கடுமையாக உறிஞ்சுகிற துணிக்கைகளுக்கு சாதாரணத் துல்லியம் போதாவிட்டால் கூடிய துல்லியத்தில் ஓட்டுகிற வழியும் உண்டு, வேகம் அடிவாங்கும், புகைக்கு அது தேவைப்படாது. துணிக்கையின் உள்ளே புலம் எங்கே குவிகிறது என்று படமாகப் பார்க்கிற வசதி எனக்கு முதலில் அலங்காரமாகத்தான் பட்டது, ஆனால் உயர்தரப் பிள்ளைகளுக்கு அந்த வில்லை வேலையை விளக்க இதைவிட நல்ல படம் வேறு கிடைக்கவில்லை.

குறைகள் இன்னும் இருக்கின்றன. இது ஒரு துணிக்கைக்கான கணிப்பான். காற்றில் ஒரே அளவுத் துணிக்கை மட்டுமா இருக்கிறது, ஒரு பரம்பல் அல்லவா இருக்கும், அந்தப் பரம்பலின் மேல் கூட்டி எடுக்கிற வேலையை நீங்களே எழுத வேண்டும். கஷ்டமான வேலை இல்லை, ஆனால் புதியவர் தடுக்கி விழுகிற இடம். பைமீஸ்கட் என்று இன்னொரு இலவசப் பைதன் பொதி இந்த விஷயத்தில் கை கொடுக்கும், நனோமீற்றரில் விட்டத்தை நேராகவே கேட்கும், கையேடும் எவ்வளவோ மேல். ஒரே பொருளாலான துணிக்கைகளும் இரண்டு படையும் போதுமென்றால் முதலில் அதை எடுத்துப் பாருங்கள், பழைய பொதி என்பதால் அது சார்ந்திருக்கிற சைபை என்ற பைதன் கணிதப் பொதியின் புதிய பதிப்போடு முரண்டு பிடிக்கலாம், சைபையின் பழைய பதிப்பு ஒன்றைத் தனியாக நிறுவி ஓட்டினால் தீரும். மூன்றாவது படை வந்த உடனே திரும்ப ஸ்கட்-என்லேக்கு வரத்தான் வேண்டும்.

உதாரண நிரல்கள் கூடவே வருகின்றன, சரிதான், ஆனால் அவை அவர்களுடைய கட்டுரைகளின் படங்களைத் திரும்பக் கீறுவதற்கு எழுதியவை மாதிரி இருக்கின்றன. பூசிய கரித்துணிக்கை ஒன்று, நான்கு அலைநீளம், குறுக்குவெட்டு சதுர மீற்றரில் என்று ஒரு சாதாரண உதாரணம் வைத்திருந்தால் இந்த விமர்சனத்தில் பாதியை நான் எழுதியிருக்க மாட்டேன். திரும்பி வருகிற பத்துப் பெறுமானங்களில் எது எது என்று நிரலைத் திறந்து வாசித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது: உறுப்புகளின் எண்ணிக்கை, மொத்த இழப்பு, சிதறல், உறிஞ்சல், பின்சிதறல், கதிர் அழுத்தம், சமச்சீரின்மை, அல்பீடோ (மொத்த இழப்பில் சிதறலின் பங்கு), கடைசியில் கோணத்துக்கான இரண்டு வீச்சங்கள். இந்த வரிசையை எங்கேயாவது எழுதி ஒட்டி வையுங்கள்.

அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற பிள்ளைகள், பம்பைமடுப் பக்கம் பௌதிகவியல் செய்கிறவர்கள், இறுதியாண்டு ஆய்வுக்குக் கருவி வாங்கக் காசில்லை என்று தலைப்பே கிடைக்காமல் நிற்கிறவர்கள் இதைத் தாராளமாக எடுக்கலாம். மூன்று படைப் புகைத்துணிக்கை ஒன்றை எடுத்து, ஈரப்பதனை ஏற்றி ஏற்றிச் சிதறல் எப்படிப் போகிறது என்று பார்ப்பதே ஒரு நல்ல ஆய்வு, அதற்கு லப்டொப்பும் பொறுமையும் போதும். உயர்தரத்தில் சிக்கலெண் பழகியவர்களுக்கு நுழைவு கஷ்டமில்லை. நிரல் எழுதவே பழக்கமில்லாதவர்கள் உலாவிப் பதிப்போடு நிற்கலாம். ஆய்வறிக்கை எழுதுகிறவர்கள் எந்தப் பதிப்பைப் பாவித்தீர்கள் என்று பதிப்பு எண்ணையும், ஒவ்வொரு படைக்கும் கொடுத்த முறிவுச்சுட்டி எங்கிருந்து வந்தது என்பதையும் அன்றன்றைக்கே குறித்துவையுங்கள். 2009 கட்டுரையையோ 2017 கட்டுரையையோ மேற்கோள் காட்டச் சொல்லித்தான் அவர்கள் கேட்கிறார்கள், காசுக்குப் பதிலாக அவ்வளவுதான்.